விறைத்து நின்ற தோரணம்

எங்கள் ஊர் ஒரு காலத்தில் கடலாக இருந்தது. இதை நான் சொன்னபோது யாரும் நம்பவில்லை. காலேஜிலிருந்து வந்த பிள்ளைகள் ஓடைக்குள் இறங்கிக் கல் நத்தையும் கல் சிப்பியும் பொறுக்கிக்கொண்டு அதையே சொல்லிவிட்டுப் போனார்கள், ஊரே உடனே நம்பியது. கடல் எங்கே போயிற்று என்று அந்தப் பிள்ளைகள் சொல்லவில்லை. நான் சொல்கிறேன். அது எங்கேயும் போகவில்லை. தரைக்குக் கீழே படுத்திருக்கிறது. மழை பெய்தால் புரண்டு படுக்கும்.

அது புரளும்போது மேலே இருப்பதெல்லாம் நகரும். என் மாமனாரின் கிணறு ஓர் ஐப்பசி மழையில் பக்கத்து வயலுக்குப் போய்விட்டது. தண்ணீர், ஏற்றம், உள்ளே இருந்த ஆமை எல்லாவற்றோடும் போயிற்று. தாலுகா ஆபீசில் போய் முறையிட்டோம். கிணற்றை நேரில் அழைத்து வரச் சொன்னார்கள்.

நான் சொல்ல வந்தது கிணற்றைப் பற்றி அல்ல. இரண்டாயிரத்து ஐந்தாம் வருஷம், கார்த்திகை மாசம், என் பேத்தி அம்பிகாவின் கல்யாணத்தைப் பற்றி.

எங்கள் வீட்டுக்கு முன்புறம் தெரு, பின்புறம் கொல்லை. கொல்லை முடிகிற இடத்தில் ஓடை. அந்த ஓடைக்கரை இரண்டு ஆள் உயரத்துக்கு நெட்டுக்குத்தாக நிற்கும். மஞ்சளும் சாம்பலுமாக, ஏடு ஏடாக உரியும். பாறை என்று சொன்னால் பாறைக்குக் கோபம் வரும், மண் என்று சொன்னால் மண்ணுக்குக் கோபம் வரும். வெயில் காலத்தில் கடப்பாரை போட்டால் பொறி பறக்கும். நல்ல மழை பெய்த பிறகு அதே இடத்தில் விரலை வைத்தால் மோர்க்களியில் இறங்குவதுபோல இறங்கும். நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் கொல்லைக் கோடியில் நின்ற புளியமரம் இப்போது அக்கரையில் நிற்கிறது. மரம் நகரவில்லை. ஓடைதான் அதைச் சுற்றிக்கொண்டு இந்தப் பக்கம் வந்துவிட்டது.

அந்த வருஷப் புரட்டாசி வெயிலில் கொல்லைக் கோடியில், கரைக்கு இணையாக ஒரு வெடிப்பு விட்டது. முதலில் நூல் கனம். பிறகு விரல் கனம். என் மருமகள் பாக்யலட்சுமி அதன் மேல் சாணி போட்டு மெழுகிக் கோலம் போட்டாள். வீட்டில் கல்யாணம் வைத்திருக்கிறவள் வேறென்ன செய்வாள்? என் மகன் முருகையன் அவள் செய்வதை எல்லாம் சரி என்பவன். அதனால் மெழுகினது சரி என்றான்.

அம்பிகாவுக்கு இது மூன்றாவது வரன். முதலில் வந்தவர்கள் நிச்சயம் செய்த பிறகு ஜாதகத்தில் புதிதாக ஒரு கட்டத்தைக் கண்டுபிடித்து விலகினார்கள். இரண்டாவது வந்தவர்கள் தட்டு மாற்றுகிற நேரத்தில் பல்லி சொல்லிற்று என்று எழுந்து போனார்கள். மூன்றாவது மாப்பிள்ளை குருநாதனுக்கு எறையூர் சர்க்கரை ஆலையில் வேலை, சொந்த ஊர் திருமழபாடி. தகப்பன் இல்லை. அம்மா கிருஷ்ணம்மாள் வைத்ததுதான் அந்த வீட்டில் சட்டம் என்று கேள்வி. பாக்யலட்சுமி அந்த அம்மாளை நினைத்தாலே எழுந்து நின்றுவிடுவாள்.

அந்த முகூர்த்தத்துக்கு அரியலூரில் மண்டபம் கிடைக்கவில்லை. வீட்டிலேயே வைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. கொல்லை விசாலமானது, அங்கேதான் பந்தல். முதலில் பந்தக்கால் நட வேண்டும். பந்தக்காலை ஈசானிய மூலையில்தான் நட வேண்டும். எங்கள் மனைக்கு ஈசானிய மூலை எது என்கிறீர்கள்? அந்த வெடிப்பு இருக்கிற கொல்லைக் கோடிதான்.

நடுகிற உரிமை தாய்மாமனுக்கு. பாக்யலட்சுமியின் தம்பி வீரமணி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடப்பாரையை ஓங்கிப் போட்டான். கடப்பாரை ணங்கென்று திரும்பி வந்தது. கையை உதறிக்கொண்டு இன்னொரு போடு போட்டான். அதுவும் திரும்பி வந்தது. சற்றுத் தள்ளி, சாணி மெழுகின கோட்டில் போட்டான். கடப்பாரை பாதிக்கு மேல் உள்ளே போய்விட்டது.

"அக்கா, இங்க பாரு! பூமாதேவியே வழி உட்டுட்டா!"

"அது வெடிப்புடா," என்றேன் நான். "அதுக்கு அந்தாண்ட இருக்கிறது நம்ம கொல்லையே இல்ல. ஓடைக்கு எழுதிக் குடுத்தாச்சு, கையெழுத்துதான் பாக்கி."

"ஆரம்பிச்சுட்டீங்களா மாமா?" என்றாள் பாக்யலட்சுமி. "நல்ல காரியத்துல உங்க வாயைக் கொஞ்சம் மூடிக்கிட்டு இருக்கக் கூடாதா?"

"நெசமாத்தான் சொல்றேன். நேத்து இதுல ஒரு புளியங்கொட்டையைப் போட்டேன். வுழுந்த சத்தமே இல்ல. காதை வச்சுப் பாத்தேன், கொள்ளிடம் ஓடுற சத்தம் கேட்டுச்சு."

பெண்கள் எல்லாம் சிரித்துவிட்டார்கள். புளியங்கொட்டை போட்டது உண்மை, சத்தம் வராததும் உண்மை. என் வாய்க்கு ஒரு குணம் உண்டு. உண்மையைத் தனியாக வெளியே அனுப்பாது, துணைக்கு ஒன்றைச் சேர்த்துத்தான் அனுப்பும்.

மூங்கிலோடு கல்யாண முருங்கைக் கிளையையும் மாவிலையையும் சேர்த்துக் கட்டி, மஞ்சள் துணியில் நவதானியம் முடிந்து, வெடிப்பிலேயே கால் ஊன்றினார்கள். சுமங்கலிகள் ஆளுக்கொரு சொம்பு பாலும் மஞ்சள் தண்ணீரும் ஊற்றினார்கள். ஊற்றிய தண்ணீர் ஒரு சொட்டும் தேங்கவில்லை.

"பூமி எவ்வளவு ஆசையா குடிக்குது பாருங்கடி," என்றாள் எதிர்வீட்டுப் பொன்னம்மாள்.

நட்ட பந்தக்காலைக் கல்யாணம் முடிகிறவரை பிடுங்கக் கூடாது, தள்ளி நடக் கூடாது. தினமும் காலையில் குளித்துவிட்டு வந்து அதற்குத் தண்ணீர் வேறு ஊற்ற வேண்டும். கரை விழாமலிருக்க என்னென்ன செய்யக் கூடாதோ அத்தனையையும் சாஸ்திரப்படி செய்துகொண்டிருந்தோம்.

மறுநாளிலிருந்து மழை பிடித்துக்கொண்டது.

பாக்யலட்சுமி பந்தக்காலைச் சுற்றித் தாமரைக் கோலம் போடுவாள். மழை விட்ட நேரத்தில் போய்ப் பார்ப்பேன். தாமரையின் பாதி வீட்டுப் பக்கம் இருக்கும், மற்றப் பாதி ஒரு விரற்கடை கீழே இறங்கி ஓடைப் பக்கம் இருக்கும். அவள் அழித்துவிட்டு மெழுகி மறுபடி போடுவாள். அது மறுபடி பிரியும். பந்தக்கால் முதலில் நேராக நின்றது. பிறகு ஓடைக்குள் யாரோ பேசுவதைக் கேட்கிறதுபோல லேசாகத் தலை சாய்த்தது. பிறகு நன்றாகவே ஒட்டுக் கேட்க ஆரம்பித்தது.

ஒரு காலையில் அவள் தனியாகக் கோலம் போட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"பாக்கியம், கால் சாயுதும்மா."

அவள் நிமிரவில்லை. "எனக்கும் கண்ணு இருக்கு மாமா."

"அப்ப பந்தலைத் தெருவுல போட்டா என்ன?"

"பந்தக்கால் இங்க இருக்கும், பந்தல் தெருவுல இருக்குமா? ஏன்னு கேப்பாங்க இல்ல? கேட்டா என்னா சொல்றது? பந்தக்கால் சாஞ்சுதுன்னு ஒரு வார்த்தை திருமழபாடிக்குப் போனா போதும். ஒரு பல்லிக்கே எந்திரிச்சுப் போனாங்க." அவள் ஒரு புள்ளியை அழித்துவிட்டு மறுபடி வைத்தாள். "இதுவும் தட்டிப்போனா எம் பொண்ணு தாங்க மாட்டா மாமா."

"கரையோட ஆளுங்க போனா?"

"போகாது. போகக் கூடாது. நான் வேண்டிக்கிட்டிருக்கேன்."

அவள் அடுத்த இதழுக்கு மாவை எடுத்தாள். நான் எழுந்து வந்தேன். ஆனால் கல்யாணத்தன்று அந்தக் கோடியில் ஊர் ஜனம் பாய் விரித்து உட்காரப் போகிறது. குழந்தைகள் ஓடி விளையாடும். இதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

உண்மையைச் சொன்னால் நம்ப மாட்டார்கள், சொல்லவும் கூடாது. ஆகவே எனக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன். தண்ணீர் ஊற்ற வந்த பெண்களிடம், வெடிப்புக்குள் ஒரு நல்ல பாம்பு இருக்கிறது, என் கண்ணால் பார்த்தேன், கிட்டே போகாதீர்கள் என்று சொன்னேன். சொல்லும்போது சிரிக்கவில்லை. நான் எப்போதும் சிரிப்பதில்லை.

என் ஆயுளில் நான் சொன்ன ஒன்றை ஊர் முழுக்க உடனே நம்பியது அன்றைக்குத்தான். மறுநாள் காலையில் பாதித் தெரு எங்கள் கொல்லையில் நின்றது. ஆளுக்கொரு கிண்ணம் பால். முட்டை, மஞ்சள், குங்குமம். வெடிப்பின் ஓரமாகவே வரிசையாக மண்டியிட்டு உள்ளே ஊற்றினார்கள். கல்யாண வீட்டில் நாகராஜா வந்து குடியேறியிருக்கிறது என்றால் அம்பிகாவுக்கு எவ்வளவு யோகம் என்று பேசிக்கொண்டார்கள்.

"எல்லாரும் எந்திரிங்க, பாம்பும் இல்ல ஒண்ணும் இல்ல, நான் பொய் சொன்னேன்," என்று கத்தினேன்.

"பொய்யின்னு சொல்லாதீங்க, கண்ணு அவிஞ்சிடும்," என்றாள் பொன்னம்மாள். "நானே பாத்தேன். படம் இம்மாம் அகலம். நெத்தியில நாமம்கூட இருந்துச்சு."

இத்தனை வருஷப் பழக்கத்தில் எனக்கு நாமம் தோன்றவில்லை பாருங்கள். அன்றிலிருந்து அவள் இரண்டு வேளையும் பாலோடு வந்தாள். வெடிப்பு இப்போது கை நுழைகிற அகலம். அதன் ஓரத்தில் அவள் குந்தியிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் கரை விளிம்பையும் ஒரு பார்வை பார்ப்பேன். அவளை அங்கே உட்கார வைத்தது நான்.

பந்தக்கால் இன்னும் சாய்ந்தது. பாக்யலட்சுமி என்னைக் கூப்பிட்டு, "எதையாவது பண்ணுங்க மாமா, பாக்கறவங்களுக்கு நேரா தெரியணும்," என்றாள். பரணில் பழைய கமலை வடம் ஒன்று கிடந்தது. மாடு கட்டித் தண்ணீர் இறைத்த காலத்துக் கயிறு, ஆள் மணிக்கட்டுக் கனம். அதன் ஒரு நுனியைப் பந்தக்காலில் உச்சிக்குச் சற்றுக் கீழே கட்டினோம். மறு நுனியைத் தாழ்வாரத்துத் தூணில் சுற்றி நானும் முருகையனும் வீரமணியும் இழுத்து முடிச்சுப் போட்டோம். கால் நிமிர்ந்தது. கயிற்றை மறைக்க நெடுக மாவிலை செருகினோம். பார்த்தால் தோரணம்.

"இப்ப சரியா இருக்கு," என்றான் முருகையன்.

எனக்குச் சரியாக இல்லை. இதுவரை கரை விழுந்தால் பந்தக்கால் மட்டும் போகும். இனிமேல் கரை போனால் கால் போகும், கால் போனால் கயிறு இழுக்கும், கயிறு இழுத்தால் தூண் வரும், தூண் வந்தால் தாழ்வாரம், தாழ்வாரத்தோடு அடுக்களை. வீட்டையே ஓடைக்குத் தாம்பு போட்டுக் கட்டிக் கொடுத்திருந்தோம். அன்றிலிருந்து வைத்தியன் நாடி பிடிப்பதுபோல அந்தத் தோரணத்தில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காலையில் கொஞ்சம் தளர்ந்திருக்கும். சாயங்காலத்துக்குள் விறைத்துவிடும். தட்டினால் ம்ம் என்று சத்தம் வரும். நாளாக ஆக அந்த ம்ம் மெலிந்து கீச்சுக் குரலாயிற்று.

கல்யாணத்துக்கு முன்தினம் ஓடையில் வெள்ளம் வந்தது. சும்மா வெள்ளமில்லை. முழு வைக்கோல் போர் ஒன்று மிதந்து போயிற்று. அதன் மேல் ஒரு சேவல் நின்று, தாண்டிய ஊருக்கெல்லாம் கூவிக்கொண்டு போயிற்று. தண்ணீர் கரையின் கழுத்துவரை ஏறி நுரைத்தது. மாப்பிள்ளை வீட்டார் வேனில் வந்து இறங்கினார்கள். கீழப்பழுவூர் நாயனக் கோஷ்டியும் நனைந்துகொண்டே வந்து சேர்ந்தது. எல்லோரையும் முன்கட்டிலும் தெருவிலும் நிறுத்தி வைப்பதற்குள் பாக்யலட்சுமி ஒரு படி இளைத்துவிட்டாள். கொல்லைப் பக்கம் யாராவது எட்டு வைத்தால் காபித் தட்டோடு குறுக்கே வந்து நிற்பாள். நான் தோரணத்தை விட்டு நகரவில்லை. கரை இதோ போகிறது, இதோ போகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். போகவில்லை.

விடிந்தபோது வானம் துடைத்து வைத்ததுபோல இருந்தது. வெயில் அடித்தது. ஓடையில் தண்ணீர் மடமடவென்று வடிந்து கணுக்காலளவுக்குப் போய்விட்டது. பாக்யலட்சுமி ஓடைப் பக்கம் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். முருகையன் சிரித்தான். எனக்கும் மூச்சு வந்தது. அவ்வளவு வெள்ளத்துக்கு நின்ற கரை இனிமேலா விழப் போகிறது என்று நானும் நம்பினேன். கொல்லைப் பந்தலில் மணவறை ஜோடித்தார்கள், பாய் விரித்தார்கள். ஜனம் வர ஆரம்பித்தது. நான் நாடி பிடித்த கையை எடுத்துவிட்டுக் காபி குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது தோரணத்தின் பக்கத்தில் கிருஷ்ணம்மாள் நின்றுகொண்டிருந்தாள். வெளுத்த புடவை, ஆண்பிள்ளை உயரம். தலையைத் தூக்கிப் பந்தக்காலைப் பார்த்தாள். குனிந்து ஓடையைப் பார்த்தாள். பிறகு ஒரு விரலால் மாவிலையைத் தள்ளிக் கயிற்றைச் சுண்டினாள். அது கீச்சென்றது.

"பெரியவரே, தோரணம்னா தொங்கணும். இது என்னாத்துக்கு வீணைக் கம்பி மாதிரி விறைச்சுக்கிட்டு நிக்குது?"

"எங்க ஊர் மாவிலை கொஞ்சம் விறைப்பான ஜாதி," என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. அவளும் சிரிக்காத ரகம். "உள்ளாற கயிறு இருக்கு. கயித்துக்கு அந்தண்டை கால் இருக்கு. காலுக்கு அந்தண்டை பூமி இருக்கா?"

பாக்யலட்சுமி காபித் தட்டோடு ஓடி வந்தாள். வந்தவள் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துத் தட்டைக் கீழே வைத்துவிட்டாள். கண் நிறைந்துவிட்டது. "அத்தாச்சி, சகுனம் அது இதுன்னு நெனைச்சுடாதீங்க. எம் பொண்ணு மேல எந்தக் குத்தமும் இல்ல. வெள்ளத்துக்கே நின்னுடுச்சு, இனிமே ஒண்ணும் ஆகாது…"

"இனிமேதான் ஆகும்," என்றாள் கிருஷ்ணம்மாள். "நாங்க ஆத்தங்கரைக்காரங்க. கொள்ளிடத்துல தண்ணி ஏறுறப்ப எங்கூர்ல ஒரு கரையும் வுழுந்ததில்ல. அப்ப தண்ணியே தோள் குடுத்துத் தாங்கிக்கிட்டு இருக்கும். வடிஞ்சப்புறம் தாங்குற தோளு போயிடும். கரை உள்ளாற ஊறிப் புள்ளைத்தாச்சி மாதிரி கனத்துக் கெடக்கும். வெயில் அடிக்கிற நல்ல நாளாப் பாத்துத்தான் இறங்கும். எங்க மாமனார் அப்படித்தான் போனாரு, வெள்ளம் வடிஞ்சுடுச்சான்னு பாக்கப் போயி."

நான் திரும்பிப் பார்த்தேன். பந்தலுக்குள் பாயெல்லாம் நிறைந்திருந்தது. வெடிப்புக்கு அந்தப் பக்கம் இரண்டு குழந்தைகள் மாவிலை பிய்த்துக்கொண்டிருந்தன. போய் இழுத்து வந்தேன்.

"சொன்னா எல்லாரும் ஒரே நேரத்துல எந்திரிச்சு ஓடுவாங்க," என்றேன். "அந்த ஓட்டத்துலயே கரை போயிடும். நான் சொன்னா எவனும் எந்திரிக்கவே மாட்டான்."

கிருஷ்ணம்மாள் முந்தானையை இழுத்துச் செருகினாள். பிறகு பந்தலுக்கு நடுவே போய் நின்று, ரேஷன் கடையில் வரிசையைத் திருப்புகிற குரலில் சொன்னாள்:

"யாரு இங்க மணவறை வச்சது? எங்க வம்சத்துல தாலி கட்டுறது தெருவாசல்லதான். கொல்லைப்பக்கம் கட்டுனா குலதெய்வத்துக்கு ஆகாது. தூக்குங்க எல்லாத்தையும். பாயைச் சுருட்டுங்க. முன்வரிசை முதல்ல, ஓடாம வாங்க."

பெண் வீட்டார் முகம் சுண்டிற்று. பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். "மாப்பிள்ளை வூட்டு ஜம்பத்தைப் பாரு, இப்பத்தான் ஞாபகம் வந்துச்சா!" என்று வீரமணி பல்லைக் கடித்தான். ஆனால் மாப்பிள்ளையின் அம்மா சொன்னால் கல்யாண வீட்டில் யார் எதிர்த்துப் பேசுவார்கள்? பாய் சுருண்டது. மணவறை எழுந்து நடந்தது. ஓமகுண்டத்துச் செங்கலைக்கூடக் கை மாற்றிக் கொண்டுபோனார்கள். நாயனக்காரர்கள் கடைசியாகப் போனார்கள். கொல்லை காலியாயிற்று.

"இப்ப அந்தக் கயிறு," என்றாள் கிருஷ்ணம்மாள். "அவுத்துவுடுங்க. இல்லாட்டி கரையோட உங்க வூடும் இறங்கி வரும்."

முடிச்சு மழையில் ஊறிப் பாறையாகியிருந்தது. எந்தப் பல்லும் நகமும் அதில் இறங்காது. அறுக்க வேண்டும். கல்யாண நாளில், முகூர்த்தத்துக்கு முன்னால், பந்தக்காலில் கட்டிய கயிற்றை அறுப்பதா? நான் பாக்யலட்சுமியைப் பார்த்தேன். அவள் கிருஷ்ணம்மாளைப் பார்த்தாள்.

"எனக்கு மருமவ வேணும்," என்றாள் அந்த அம்மாள். "உங்க மூங்கில் வேணாம்."

பாக்யலட்சுமி உள்ளே போய் அரிவாளைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒரே வெட்டு. கயிறு சாட்டை மாதிரி சீறிக்கொண்டு போய் மாவிலையெல்லாம் வானத்தில் சிதறிற்று. பந்தக்கால் ஓடைப் பக்கம் சாய்ந்து, அப்படியே நின்றது. தாழ்வாரத்துத் தூண் பெருமூச்சு விட்டதை என் காதால் கேட்டேன்.

அவர்கள் இரண்டு பேரும் தெருவாசலுக்குப் போனார்கள். நானும் போனேன். ஐயர் அவசரப்படுத்தினார். அம்பிகா தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் குருநாதன். தட்டில் தாலி ஊரை வலம் வந்தது. நான் கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தேன். முருகையன் இருந்தான். வீரமணி இருந்தான், இன்னும் பல்லைக் கடித்துக்கொண்டு. எல்லோரும் இருந்தார்கள். முன்வரிசைக்கு அடித்துப் பிடித்து வரவேண்டிய ஒருத்தியை மட்டும் காணவில்லை.

என் வயசுக்கு நான் ஓடக் கூடாது. ஓடினேன். கொல்லைக் கோடியில், வெடிப்புக்கு மேல், பந்தக்காலின் அடியில் பொன்னம்மாள் கிண்ணத்தோடு குந்தியிருந்தாள்.

"பொன்னம்மா! எந்திரிச்சு வா!"

"இருங்க, இன்னும் ஊத்தவே இல்ல. ஜனமெல்லாம் போயிட்டாங்க, நாகராஜா இப்பத்தான் வரும்."

"கரை வுழப்போவுது!"

"ஆமா, உங்க மாமனார் கிணறு மாதிரி," என்று சொல்லிவிட்டு வெடிப்புக்குள் எட்டிப் பார்த்தாள்.

அவள் காலடியில் மெழுகின தரை அப்பளம் போல நொறுங்க ஆரம்பித்தது. கிட்டே போய் இழுக்கலாம் என்றால் என் கனமும் சேர்ந்துவிடும். உண்மை அவளிடம் செல்லாது. நான் தெருப் பக்கம் கையை நீட்டினேன்.

"பாம்பு இங்க இல்லடி! மணவறைக்கு அடியில போயிடுச்சு! தாலி கட்டுறதைப் பாக்கப் படம் எடுத்து நிக்குது. நாமம்கூடத் தெரியுது!"

அவள் எழுந்தாள் பாருங்கள். கிண்ணத்துப் பால் சிந்தாமல், புடவையை முழங்காலுக்குத் தூக்கிக்கொண்டு என்னைத் தாண்டி ஓடினாள். அவள் தாழ்வாரத்தில் கால் வைத்த நேரம், தெருவில் "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்று குரல் கேட்டது. கீழப்பழுவூர்த் தவில் இரண்டும் நாயனம் இரண்டும் சேர்ந்து இடித்தன.

என் முன்னால் கொல்லையில் ஒரு பங்கு போயிற்று. சரிந்து விழவில்லை. யாரோ தட்டைக் கீழே இறக்கி வைப்பதுபோல, கோலத்தோடு, மெழுகலோடு அப்படியே இறங்கி ஓடைக்குள் போய் உட்கார்ந்தது. தரை என் உள்ளங்காலில் ஒரு தரம் எகிறிற்று. சத்தம் வந்திருக்க வேண்டும். எனக்கே கேட்கவில்லை. தாலி கட்டுகிற நேரத்தில் யாராவது தும்மினால் கேட்கக் கூடாதென்று வைத்த கெட்டிமேளம், அன்றைக்கு ஒரு கரையையே விழுங்கிவிட்டது.

எட்டிப் பார்க்காமல் திரும்பி நடந்தேன். தெருவாசலில் அட்சதை பறந்துகொண்டிருந்தது. அம்பிகா கழுத்தில் தாலி ஏறிவிட்டது. பாக்யலட்சுமி முந்தானையில் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தாள். கிருஷ்ணம்மாள் மட்டும் என் வேட்டியில் அப்பியிருந்த மஞ்சள் சேற்றைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். அவள் கையில் மிச்சமிருந்த அட்சதையைப் பெண், மாப்பிள்ளை தலையில் மெதுவாகப் போட்டாள்.

சாப்பாட்டுப் பந்தியில் அவள் பக்கத்து இலையில் உட்கார்ந்தேன்.

"தாலி தெருவாசல்ல கட்டுற வழக்கம் உங்க வம்சத்துல எப்பலேர்ந்து?"

"இன்னிக்குக் காலையிலேர்ந்து," என்றாள். "ரசத்தை இப்படிக் காட்டுங்க."

அந்த அம்மாள் மேல் எனக்கு உண்டான மரியாதை இன்றைக்கும் குறையவில்லை.

மத்தியானம் எல்லோரும் போய்ப் பார்த்தார்கள். கீழே ஓடைக்குள் பந்தக்கால் நேராக நின்றது. மேலே இருந்தபோது சாய்ந்தது, கீழே இறங்கி நிமிர்ந்துகொண்டது. யாரும் அதைப் பிடுங்கவில்லை, தள்ளி நடவில்லை. பாக்யலட்சுமிக்கு அது போதும். சாஸ்திரம் கெடவில்லை. நடந்ததை நடந்தபடியே ஊரில் சொன்னேன். ஒருத்தரும் நம்பவில்லை. தாலி ஏறுகிறவரை நாகராஜா கரையை வாலால் சுற்றிப் பிடித்துக்கொண்டிருந்து, முடிந்ததும் விட்டுவிட்டுப் போயிற்று என்பதுதான் ஊரின் முடிவு. போகும்போது திரும்பிப் பார்த்தது என்கிறாள் பொன்னம்மாள்.

கல்யாண முருங்கைக் கிளை ஓடை ஈரத்தில் வேர் பிடித்து மரமாகிவிட்டது. இறங்கிய மண் அதன் காலடியில் படிந்து நிற்கிறது. பொன்னம்மாள் இப்போது கீழே இறங்கிப் போய் அதற்குப் பால் ஊற்றுகிறாள். ஊற்றட்டும். அங்கே ஊற்றினால் யார் தலையிலும் விழாது.

ஆனால் போன மழைக்குப் பிறகு, மிச்சக் கொல்லையில், முன்பு மணவறை இருந்த இடத்துக்குச் சற்று இப்பால், ஒரு வெடிப்புக் கோடு தெரிகிறது. நூல் கனம்தான். பாக்யலட்சுமி அதன் மேல் சாணி மெழுகுவதில்லை, தண்ணீர் ஊற்ற விடுவதில்லை. குறுக்கே ஒரே ஒரு மாக்கோடு மட்டும் இழுத்து வைக்கிறாள், தரை நகர்ந்தால் அது பிரிந்து காட்டும். காலையில் வாசல் தெளிப்பதற்கு முன்னால் தாழ்வாரத்திலிருந்தே கேட்பாள்:

"கோடு ஒட்டிக்கிட்டிருக்கா மாமா?"

நான் போய்க் குனிந்து பார்த்து, "ஒட்டியிருக்கும்மா," என்பேன்.

அவள் நம்பாமல் விளக்கை எடுத்துக்கொண்டு தானே வந்து பார்ப்பாள்.